அப்பாவும் மகனும் ஒரே தட்டில்: மூன்று ராக் ஆல்பங்களில் எதை வாங்குவது?

அப்பாவும் மகனும் சேர்ந்து வாசித்த ஒரு ராக் ஆல்பம் வேண்டும், அதை அப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும், ஒன்றே ஒன்று போதும். கோலாலம்பூர் செந்தூலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் சர்ச், விங்ஸ் என்று மலாய் ராக் கேசட்டுகளை நாடா தேயும்வரை கேட்டவர். மகனுக்குப் பதினேழு. பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சை எழுதப்போகிறவன், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் உருமி வாசிக்கிறவன், வீட்டுக்குள் நுழைந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறவன். அண்ணனிடம் பழைய டர்ன்டேபிள் ஒன்று இருக்கிறது. வாரக்கடைசியில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலுக்குப் போனால் இசைத்தட்டுப் பெட்டிகளைக் கிளறாமல் திரும்ப மாட்டார். எல்பி விற்கிற விலைக்கு மூன்றையும் வாங்கிப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

என் பட்டியலில் மூன்று வந்தன. வான் ஹேலன் குழுவின் 'எ டிஃபரன்ட் கைண்ட் ஆஃப் ட்ரூத்' (2012): எடி வான் ஹேலன் கிட்டார், மகன் வூல்ஃப்காங் பாஸ் கிட்டார். 'ட்வீடி' என்ற பெயரில் ஜெஃப் ட்வீடியும் மகன் ஸ்பென்சரும் செய்த 'சூக்கிரே' (2014). நீல் ஃபின், லியாம் ஃபின் இருவரும் சேர்ந்து வெளியிட்ட 'லைட்ஸ்லீப்பர்' (2018). மாக்ஸ் கவலேரா தன் மகன் இகோருடன் 'கோ அஹெட் அண்ட் டை' என்ற குழுவைத் தொடங்கி 2021இல் ஓர் ஆல்பம் போட்டார். அது கடும் மெட்டல், அந்த இரைச்சலுக்கு ஏற்கெனவே பழகிய காதுக்கு மட்டும்தான் ஆகும். அதனால் அதை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன்.

மூன்றுக்கும் விமர்சகர்கள் பெரும்பாலும் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். தூக்கி எறியவும் இல்லை, தலையில் தூக்கி வைத்து ஆடவும் இல்லை. ஆகவே எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்று எண்ணினால் முடிவு கிடைக்காது. பாராட்டைப் படித்தும் பயன் குறைவு. 'நெருக்கம்', 'குடும்பப் பாசம்' என்று மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள். குறை என்று என்ன சொன்னார்கள் என்பதைப் பாருங்கள். குறை ஆல்பத்துக்கு ஆல்பம் மாறுகிறது. அந்தக் குறை உங்கள் வீட்டில் குறையாகப் படுமா என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, ஆல்பம் வெளிவந்தபோது அந்த மகனுக்கு என்ன வயது என்பதில் இருக்கிறது. இதை எந்த விமர்சகரும் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

வாரிசு என்ற பேச்சையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு இது பழக்கமான விஷயம். யுவன் எந்தப் பாட்டைப் போட்டாலும் ராஜாவை வைத்து அளக்காமல் நாம் விட்டதில்லை. இருவரும் சேர்ந்து இசையமைத்த 'மாமனிதன்' 2022இல் வந்தபோதும், எந்த இடம் அப்பா, எந்த இடம் மகன் என்று பிரித்துப் பார்க்கத்தான் நம் காது போனது. மேற்கத்திய விமர்சகர்களும் வேறு மாதிரி இல்லை. மகன் என்றதும் சிலர் சந்தேகப்படுகிறார்கள், சிலர் நெகிழ்ந்துவிடுகிறார்கள். இரண்டிலும் வாசிப்பைக் கேட்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

முதலில் வான் ஹேலன். டேவிட் லீ ராத் பாட, இந்தக் குழு முழு ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றை வெளியிட்டு 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தையது 1984இல் வந்தது. எல்லாரும் வரவேற்கத் தயாராக இருந்த நேரத்தில் ரசிகர்களின் கோபம் முழுக்க ஒரு பையன்மேல் விழுந்தது. முதல் ஆல்பத்திலிருந்து பாஸ் வாசித்து, பின்பாட்டில் உச்சஸ்தாயியைத் தாங்கிய மைக்கேல் ஆன்டனியின் இடத்தில் எடியின் மகன் வந்து நின்றான். ஆல்பம் வந்தபோது வூல்ஃப்காங்குக்கு 20 வயது. அந்தக் கோபத்தோடு கேட்க உட்கார்ந்த பலருக்கும் வியப்பு காத்திருந்தது. ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் அடேலின் '21'க்கு அடுத்து இரண்டாம் இடத்தில் நுழைந்தது. எடி பல ஆண்டுகளாக இவ்வளவு பசியோடு வாசித்ததில்லை என்று எழுதினார்கள்.

விமர்சகர்கள் சொன்ன குறைகள் மூன்று. முதலில் வெளியிட்ட 'டாட்டூ' மந்தமான பாட்டு. ஆன்டனியின் குரல் இல்லாத வெறுமை தெரிகிறது. பல பாட்டுகள் எழுபதுகளில் பதிவு செய்த டெமோக்களிலிருந்து (மாதிரிப் பதிவுகளிலிருந்து) எடுத்தவை, ஆகவே இது புதுச் சரக்கு இல்லை. முதல் இரண்டும் நியாயமானவை. 'டாட்டூ'வை நானும் தாண்டித்தான் போடுகிறேன். மூன்றாவதை நான் ஏற்கவில்லை. தான் பிறப்பதற்கு முன்னால் அப்பா பதிவு செய்த பழைய டெமோக்களுக்குள் மகனும் இறங்கி, இதை எடுக்கலாம், அதை மறுபடி வாசிக்கலாம் என்று சேர்ந்து வேலை செய்திருக்கிறான். அப்பா–மகன் ஆல்பம் என்று இதைச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. 'சைனா டவுன்' பாட்டின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். கிட்டாரும் பாஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மின்னல் வேகத்தில் நுழைகின்றன. அந்த வேகத்தில் எடிக்கு ஈடுகொடுப்பது சாதாரண விஷயம் இல்லை.

இந்தக் குடும்பத்தில் இது வழிவழியாக வருவது என்பதையும் சொல்ல வேண்டும். எடி, அலெக்ஸ் சகோதரர்களின் அப்பா யான் வான் ஹேலன் கிளாரினெட் கலைஞர். 1982இல் வந்த 'டைவர் டவுன்' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு அவரே வந்து கிளாரினெட் வாசித்தார். அம்மா நமக்குப் பக்கத்திலிருக்கும் இந்தோனேசியாவில், டச்சு ஆட்சிக்காலத்தில் பிறந்தவர். மலேசியாவில் உட்கார்ந்து இந்தக் குழுவைக் கேட்கிறவர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

இவ்வளவு இருந்தும் அண்ணனுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல என்னால் முடியவில்லை. இது நான்கு பேர் கொண்ட குழுவின் ஆல்பம். முன்னால் நிற்பது ராத்தின் குரலும் அவருடைய துள்ளலும்தான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமென்றால் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். இன்னொன்றும் உண்டு. அண்ணன் இதைப் போட்டால் தன் பதினெட்டு வயதுக்குப் போய்விடுவார். மகன் அப்பாவின் இளமைக் கதையைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். சேர்ந்து கேட்பது என்று அதைச் சொல்ல முடியாது.

'லைட்ஸ்லீப்பர்' பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அழகான ஆல்பம் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஸ்பிளிட் என்ஸ், கிரவுடட் ஹவுஸ் குழுக்களின் நீல் ஃபின், அவருடைய மூத்த மகன் லியாம், கூடவே அம்மா ஷேரனும் தம்பி எல்ராயும். நீல் அந்த ஆண்டில்தான் ஃப்ளீட்வுட் மேக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் மிக் ஃப்ளீட்வுட் இதில் சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்திருக்கிறார். கனவு போல மிதக்கிறது, மெதுவாக ஊறுகிறது என்று பாராட்டினார்கள். பிடித்து முணுமுணுக்க ஒரு வரி கிடைக்கவில்லை என்பது குறை. நீல் ஃபின் போல மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகளைக் கொடுத்தவரிடமிருந்து இது வரும்போது அந்தக் குறை கொஞ்சம் கனமாகவே விழுகிறது. இருவர் குரலும் ஒரே குரலோ என்று தோன்றும் அளவுக்குக் கலந்துபோகின்றன. எது யார் என்று சில இடங்களில் என்னால் பிரிக்க முடியவில்லை.

ஆல்பம் வந்தபோது லியாமுக்கு 34 வயது. அதற்கு முன்பே தனியாக ஆல்பங்கள் போட்டுத் தனக்கென்று ஓர் இடம் பிடித்தவர். இது வளர்ந்த இரண்டு ஆண்கள் சமமாக உட்கார்ந்து செய்த இசை. மகனுக்கே குழந்தை பிறந்து, அப்பாவும் மகனும் இப்போது வேறு மாதிரிப் பேச ஆரம்பித்திருக்கிற வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து யாராவது கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பதினேழு வயதுப் பையன் இதற்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார மாட்டான், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

இனி 'சூக்கிரே'. இதைப் பற்றித்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஜெஃப் ட்வீடி அமெரிக்க ராக் குழுவான 'வில்கோ'வின் தலைவர். தனி ஆல்பம் ஒன்று செய்யலாம் என்று தொடங்கியவர், டிரம்ஸுக்கு மகனை உட்கார வைத்தார். வேலை போகப் போக இது ஒருவர் ஆல்பம் இல்லை என்று தெரிந்து, குடும்பப் பெயரையே குழுவுக்கு வைத்துவிட்டார். ஸ்பென்சர் அப்போதுதான் பள்ளி முடிக்கிற வயது; ஆல்பம் 2014 செப்டம்பரில் வந்தபோது 18. அதற்கு முந்தைய ஆண்டு பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸின் 'ஒன் ட்ரூ வைன்' ஆல்பத்துக்கு ஜெஃப் தயாரிப்பாளராக இருந்தபோதே மகன்தான் டிரம்ஸ் வாசித்திருந்தான். ஆகவே இது அப்பா கொடுத்த முதல் வாய்ப்பும் இல்லை, விளையாட்டாகச் செய்த வேலையும் இல்லை. கிட்டார், பாஸ் என்று பெரும்பாலானவற்றை ஜெஃப்பே வாசித்தார். லூஷியஸ் குழுவின் இரண்டு பெண்கள் பின்பாட்டுப் பாடினார்கள். 20 பாட்டுகள், இரண்டு தட்டுகள், ஒரு மணி நேரத்துக்கும் மேலே.

ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் ஜெஃப்பின் மனைவி சூசிக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஆல்பத்தின் பெயரே அவருடைய செல்லப்பெயர்தான். விமர்சனங்களில் பெரும்பகுதி இந்தச் செய்தி வழியாகத்தான் ஆல்பத்தைக் கேட்டது. அம்மா நோயில் இருக்கும்போது அப்பாவும் மகனும் ஸ்டூடியோவுக்குப் போய் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள் என்று எழுதினார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனாலும் அந்தச் செய்தியே தெரியாமல் கேட்டாலும் இந்த ஆல்பம் நிற்கிறது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரக்கத்தால் மதிப்பெண் போட வேண்டிய வேலை இல்லை இது.

ஏறக்குறைய எல்லாரும் சொன்ன குறை நீளம். இருபது பாட்டு அதிகம், பன்னிரண்டோடு நிறுத்தியிருந்தால் அருமையான ஒற்றை ஆல்பம் கிடைத்திருக்கும், பிற்பாதியில் பாட்டுகள் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன, சில பாட்டுகள் முடிக்காமல் விட்ட குறிப்பு போல இருக்கின்றன. பாராட்டாக எல்லாரும் ஒத்துக்கொண்டது ஸ்பென்சரின் டிரம்ஸ். பதினெட்டு வயதுக்காரன் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்று அடிக்கவில்லை, பாட்டுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் அடித்தான் என்றார்கள்.

இந்த இரண்டும் என் கண்ணில் ஒரே விஷயம்தான். இந்த ஆல்பம் இரண்டு பேர் ஓர் அறையில் ஒருவர் போக்கை ஒருவர் பழகிக்கொள்வதன் பதிவு. அப்பாவின் குரல் உயரவே உயராது, பாதி முணுமுணுப்பு. டிரம்ஸ் அதை மூடிவிடாமல், அதே நேரத்தில் தூங்கவும் விடாமல் கூடவே நடக்கிறது. அப்படிப் பழகுவதற்கு நேரம் எடுக்கும். வெட்டிச் சுருக்கியிருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும்தான், ஆனால் அந்தப் பழக்கம் உருவாவதை நாம் கேட்டிருக்க முடியாது. இருந்தாலும் விமர்சகர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே மூச்சில் கேட்டால் பதினான்காவது பாட்டுக்கு மேல் காது சோர்ந்துவிடும். இரண்டாம் தட்டில் டிரம்ஸே இல்லாத பாட்டு வரும்போது, டிரம்ஸுக்காகக் கேட்கிற பையன் எழுந்து போய்விடுவான்.

அண்ணன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறி முடித்த பிறகு, மூன்று ஆல்பத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் பார்த்தோம். வான் ஹேலனுக்கு அண்ணனின் முகம் மலர்ந்தது, பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'சூக்கிரே'யில் 'டயமண்ட் லைட்' வந்தபோது அவன் நிமிர்ந்தான். அந்தப் பாட்டில் டிரம்ஸ் நேராகப் போகாது. துடித்துத் துடித்து, தடுக்கி விழப்போவது போலப் போய், விழாமல் நிற்கும். பையன் மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான், ஓர் இடத்தில் தவறவிட்டான். "பா, மறுபடி முதலிலிருந்து போடுங்க" என்றான். இரண்டாம் முறையும் அதே இடத்தில் தவறியது. அண்ணன் மறுபடி போட்டார். "நம்ம உருமியில திருப்பம் வரும்போது இடது கை தேய்க்கிறதை ஒரு நொடி நிறுத்துவாங்கல்ல, அந்த மாதிரி எங்கேயோ நிறுத்துறான்பா இவன்" என்றான் பையன். அப்பாவுக்கு உருமி தெரியாது, மகனுக்கு ராக் தெரியாது. அன்றைக்குத்தான் அவன் வாசிக்கும் மேளத்தைப் பற்றி அண்ணன் அவனிடம் ஒரு கேள்வி கேட்டதை நான் பார்த்தேன்.

இதனால்தான் மகனின் வயதைப் பார்க்கச் சொல்கிறேன். பதினேழு, பதினெட்டில் ஒரு பையன் அப்பாவோடு ஓர் அறையில் இருந்து எப்படி வாசிப்பான், எவ்வளவு அடக்கி வாசிப்பான், எங்கே தன் போக்கில் போவான் என்பதை இன்னொரு பதினேழு வயதுக்காரன் காது உடனே பிடித்துக்கொள்கிறது. குடும்பமாக வாசிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பினாங்கிலிருந்து கிளம்பி நாடு முழுக்க மலாய்ப் பாட்டால் பெயர் வாங்கிய ஆலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகமும் மறைந்த லோகநாதனும் அண்ணன் தம்பி. உருமி மேளக் குழுக்களிலும் அப்பா கற்றுக்கொடுத்து மகன் வாசிக்கும் வீடுகள் உண்டு. ஆனால் அப்பா கொஞ்சம் பின்வாங்கி மகனுக்கு இடம் விடுவதை வெளிப்படையாகக் கேட்க 'சூக்கிரே' போல இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆல்பத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். முடிவெடுக்க அதுவும் உதவும். ஃபின் குடும்பத்தில் லியாமும் எல்ராயும் கிரவுடட் ஹவுஸ் குழுவிலேயே சேர்ந்து, 2021இலும் 2024இலும் அப்பாவோடு ஆல்பம் போட்டார்கள். வான் ஹேலனுக்கு அதுவே கடைசி ஸ்டூடியோ ஆல்பம் ஆயிற்று. எடி 2020 அக்டோபர் 6 அன்று காலமானார். அடுத்த ஆண்டு வூல்ஃப்காங் 'மாமத் டபிள்யூ.வி.எச்.' என்ற பெயரில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அப்பாவின் நினைவாக அவர் வெளியிட்ட 'டிஸ்டன்ஸ்' கிராமி பரிந்துரை வரை போனது. ட்வீடி வீட்டில் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020இல் வந்த ஜெஃப்பின் 'லவ் இஸ் தி கிங்' ஆல்பத்தில் இளைய மகன் சாமியும் சேர்ந்துகொண்டான். இருபது பாட்டு அதிகம் என்று சொன்னவர்களுக்கு 2025இல் முப்பது பாட்டுகளும் மூன்று தட்டுகளுமாக 'ட்வைலைட் ஓவர்ரைடு' வந்தது, அதிலும் மகன்கள் இருவரும் உண்டு. நீளத்தை ஜெஃப் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது தெளிவு.

ஆகவே என் முடிவு இது. மகன் பள்ளி வயதில் இருந்து, ஏதாவது ஒரு தாள வாத்தியத்தில் ஆசை உள்ளவன் என்றால் 'சூக்கிரே'. முப்பதைத் தாண்டிய மகன் என்றால் 'லைட்ஸ்லீப்பர்'. அப்பா தனக்காக வாங்கிக்கொண்டு, மகன் வந்தால் வரட்டும் என்று நினைப்பவராக இருந்தால் வான் ஹேலன். அதில் 'டாட்டூ'வைத் தாண்டி 'சைனா டவுன்' பாட்டில் தொடங்குங்கள். அண்ணனிடம் 'சூக்கிரே'யைத்தான் வாங்கச் சொன்னேன். வான் ஹேலன்மேல் அவருக்கு இருந்த ஆசை முகத்தில் தெரிந்தது, இருந்தாலும் சரி என்றார்.

'சூக்கிரே' வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இரண்டு தட்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். தொடக்கப் பாட்டு கரடுமுரடாக இருக்கும், அதைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். டிரம்ஸுக்காகக் கேட்கிறவர்கள் முதல் தட்டில் 'டயமண்ட் லைட்', 'லோ கீ' இரண்டையும் முதலில் கேட்கலாம். மெட்டுக்காகக் கேட்கிறவர்களுக்கு இரண்டாம் தட்டில் 'சம்மர் நூன்' இருக்கிறது. ஒரு சிறுவன் வளர்வதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் படம்பிடித்த 'பாய்ஹுட்' படத்தில் வருகிற பாட்டு அது. பழைய பிரதி கிடைத்தால் பணம் கொடுப்பதற்கு முன் உறைக்குள் இரண்டு தட்டும் இருக்கின்றனவா என்று கையை விட்டுப் பாருங்கள். இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறலும் பார்த்துவிடுங்கள். மென்மையாகப் பதிவான பாட்டுகள் என்பதால் இதில் சின்னக் கீறல்கூடக் கேட்கும்.